உப்பளம் பக்கத்துல, அயோடின் தூரத்துல! பாலூட்டும் தாய்மார்களுக்கு ஏன் இது முக்கியம்?

திருச்சுழிக்கு இந்தப் பக்கம் தூத்துக்குடி, அந்தப் பக்கம் ராமநாதபுரம். இரண்டுமே உப்பு விளையும் மாவட்டங்கள். ஆனால், 2018-19 தேசிய அயோடின் ஆய்வின்படி, தமிழகத்தில் 61.9% வீடுகளில்தான் போதுமான அயோடின் உள்ள உப்பு இருந்தது. மாநிலங்களிலேயே மிகக் குறைவு இதுதான். தேசிய சராசரி 76.3%.

இதனால் குழந்தைக்கு என்ன ஆகும்?

மூளை வளர தைராய்டு ஹார்மோன் வேணும். அதற்கு அயோடின் வேணும். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு அது தாயிடமிருந்துதான் வர வேண்டும். அதனால்தான் பெரியவர்களுக்கு தினமும் 150 மைக்ரோகிராம் என்றால், பாலூட்டும் தாய்க்கு 250 என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கல் உப்பு கூடாதா?

அப்படியில்லை. அயோடின் சேர்க்காத உப்புதான் சிக்கல், அது மூட்டையில் வந்தாலும் சரி, இந்துப்பாக இருந்தாலும் சரி. பாக்கெட்டில் ‘அயோடின் கலந்தது’ என்று இருக்கிறதா பாருங்க. மூடி வைங்க, சமையலின் கடைசியில் போடுங்க. அதுக்காக உப்பைக் கூட்ட வேண்டாம்.

யார் பொறுப்பு?

அயோடின் இல்லாத உப்பை உணவுக்காக விற்க 2006 முதலே நாடு முழுக்கத் தடை உள்ளது. எனவே பழியைத் தாய் மீது போட முடியாது. கடைகளில் உப்பைச் சோதிக்க வேண்டியது அரசு. ஒரு சொட்டு கரைசல் விட்டால் அயோடின் உப்பு நீலமாகிவிடும். பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியர் கையில் அந்தக் குப்பியும் இருக்கட்டும்.