வாப்பா மெலிந்தால் மாஷா அல்லாஹ் சொல்லலாமா?



இருதய வருத்தக்காரரைப் பார்க்கப் போனால் நாங்கள் முதலில் சொல்வது, "உடம்பு நல்லா இறங்கியிருக்கு, மாஷா அல்லாஹ்." சீனி, பிரஷர், கொழுப்பு என்று பயந்து பழகிய ஊர் இது. மெலிவதெல்லாம் நல்லது என்றே மனதில் பதிந்துவிட்டது.

இதயச் செயலிழப்பு உள்ளவர் தானாக மெலிந்தால் அது வருத்தம் கூடுவதன் அடையாளம். இதயம் சரியாக இரத்தத்தைத் தள்ளாதபோது குடலிலும் நீர் கோர்க்கும். நாலு வாயிலேயே வயிறு நிறைந்தது போலிருக்கும். உடம்புக்குள் மூளும் அழற்சி தசையையே கரைக்கும். தொடை, தோள், கை எல்லாம் வற்றும். 1997இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வொன்றில் 171 நோயாளிகளைக் கவனித்தார்கள். இப்படி உருக்குலைந்தவர்களில் பாதிப்பேர் 18 மாதத்துக்குள் மௌத்தாகிவிட்டார்கள். அதற்குப் பிறகு நல்ல மருந்துகள் வந்திருக்கின்றன, உண்மைதான். ஆனாலும் மெலிவை நேரத்தோடு டொக்டரிடம் சொல்ல வேண்டியவர்கள் வீட்டில் இருக்கும் நாங்கள்தானே.

இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. காலில் நீர் ஏறினால் நிறை குறையாது, தராசு பழைய கணக்கையே காட்டும். தோள் எலும்பு தெரிகிறதா, மணிக்கூடு கையில் கழன்று ஓடுகிறதா, கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்ப முடிகிறதா என்று பாருங்கள். மறுபக்கம், இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதையல்ல, நீர். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எங்கள் வீடுகளில் நடப்பதோ வேறு. மீன் சூடு, முட்டை கொழுப்பு, இறைச்சி கூடவே கூடாது என்று நாங்களே பத்தியம் போட்டு, கஞ்சியும் பிளேன்டீயும் பிஸ்கட்டும் கொடுக்கிறோம். வாவியை வாசலில் வைத்துக்கொண்டு வாப்பாவுக்கு ஒரு துண்டு மீன் இல்லை! குறைக்க வேண்டியது உப்பு: கருவாடு, ஊறுகாய், பப்படம். மீன், முட்டை, பருப்பு எவ்வளவு என்பதை கிளினிக்கில் கேளுங்கள், சிறுநீரகமும் பழுதானவருக்குக் கணக்கு வேறு. ஒரே தட்டில் குவிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தரம் கொடுங்கள். டொக்டர் சம்மதித்தால் அஸருக்குப் பிறகு மெதுவாக நடக்க விடுங்கள். சும்மா படுத்தே கிடந்தால் மிச்சத் தசையும் போகும். நோன்பு விஷயத்திலும் நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை நாங்கள் பிடுங்க வேண்டாம்.

பாடசாலையில் பிள்ளைகளின் நிறையை அளந்து பதிகிறோம். வாப்பாவின் நிறை போன வருடம் எவ்வளவு என்று கேட்டால் எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நீர் இல்லாமலே ஒரு வருடத்தில் நூற்றுக்கு 5 பங்கு குறைந்தாலே வைத்தியர்கள் கவனிக்கிறார்கள். 60 கிலோக்காரருக்கு அது வெறும் 3 கிலோ.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் ஒன்று கேட்கிறோம். ஹவ்லுக்குப் பக்கத்தில் ஒரு தராசும் ஒரு கொப்பியும் வையுங்கள். உம்மாமார் பள்ளிக்கு வருவதில்லை, அவர்களுக்காக வீட்டுக்கு எடுத்துப் போக இன்னொன்றும் வேண்டும். முதல் தராசுக்கான காசை ஆசிரியர்கள் நாங்கள் சேர்த்துத் தருகிறோம்.