கைவண்ணத்துக்கு என்ன விலை?

லண்டனில் 2025 அக்டோபர் இறுதியில் நடந்த ஏலத்தில், அக்பரின் அரசவை ஓவியர் பசாவன் வரைந்ததாகக் கருதப்படும் ஓவியம் ஒன்று ஒரு கோடி பவுண்டுக்கும் அதிகமான விலைக்கு விற்பனையானது. பாறைகளுக்கிடையே ஒரு சிவிங்கிப்புலிக் குடும்பம், அவ்வளவுதான் காட்சி. சுவரை நிறைக்கும் பெரிய திரைச்சீலையல்ல, நூலின் பக்கத்தைப் போலக் கையில் ஏந்திப் பார்க்க வேண்டிய சிற்றோவியம்.

மினியேச்சர் என்று உலகம் அழைக்கும் அந்தக் கலை அருங்காட்சியகத்தோடு முடிந்துவிடவில்லை. ராஜஸ்தானில் ஜெய்ப்பூர், உதய்ப்பூர், கிஷன்கர், பூந்தி ஆகிய ஊர்களிலும், இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பகுதியிலும், ஜம்மு மலைச்சரிவில் உள்ள பசோலியிலும் இன்றும் அதே முறையில் வரைபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புதிதாக வாய்த்திருக்கும் கடைவீதி இணையச் சந்தை. இடைத்தரகர் இல்லாமல் வாங்குபவரை நேரே சென்றடையலாம், உழைப்புக்கேற்ற விலை கிடைக்கும் என்று சொல்லித்தான் அந்த வீதிக்கு அவர்கள் அழைக்கப்பட்டார்கள். ஓவியம் அங்கு போய்ச் சேர்ந்துவிட்டது. விலைதான் வரவில்லை.

காரணத்தைப் புரிந்துகொள்ள, ஒரு சிற்றோவியம் உருவாகும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல தாள்களைப் பசையிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி 'வஸ்லி' என்னும் தடித்த தாள் செய்யப்படுகிறது. அதை வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய பிறகே தூரிகை அதன்மேல் படும். ஊசித்துளையிட்ட மாதிரித்தாளில் கரித்தூளைத் தட்டி உருவத்தின் தடம் பதிக்கப்படும். சாதிலிங்கத்திலிருந்து சிவப்பு, அரிதாரத்திலிருந்து மஞ்சள், லாபிஸ் லசூலிக் கல்லிலிருந்து நீலம் என்று அரைத்தெடுத்த நிறங்களைப் பிசினில் குழைத்து, படலம் படலமாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு படலமும் காய்ந்த பின்பு தாளைக் கவிழ்த்துப் போட்டு மீண்டும் கல்லால் தேய்ப்பார்கள். பொன் வைப்பதும், இமை மயிரையும் மூக்குத்தி முத்தையும் தீட்டுவதும் கடைசியில்தான். நுனியில் ஓரிரு மயிர் மட்டுமே நிற்கும் தூரிகையால் செய்யும் வேலை அது. நடுத்தரமான ஓர் ஓவியத்துக்கே வாரக்கணக்கில் ஆகும்.

அப்படி ஓர் ஓவியத்துக்கு 20 நாள் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தேர்ந்த கைவினைஞருக்கு நாளொன்றுக்கு 800 ரூபாய் என்று சிக்கனமாகக் கணக்கிட்டாலும் கூலி மட்டும் 16,000 ரூபாய். நிறம், தாள், பொன் ரேக்கு ஆகியவற்றுக்கு 1,500 ரூபாய். இணையச் சந்தை தன் கழிவாக 15 சதவீதம் எடுத்துக்கொள்வதாகக் கொண்டால், வரியும் அஞ்சல் செலவும் சேராமலேயே அந்த ஓவியத்தை ஏறத்தாழ 20,600 ரூபாய்க்கு விற்றால்தான் கூலி கைக்கு வரும். லாபம் என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை.

இணையத்தில் அதே ராதையின் உருவம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பழைய ஓவியத்தைப் படமெடுத்து, கணினி அச்சில் நல்ல தாளில் பதித்து, நகைகளின் மேல் மட்டும் பொன்னிறச் சாயத்தைத் தொட்டுவைத்தால் அதுவும் 'கையால் வரைந்தது' ஆகிவிடுகிறது. செல்பேசித் திரையில் இரண்டும் ஒரே அளவு, ஒரே பளபளப்பு. 70 சதவீதத் தள்ளுபடி என்ற சிவப்பு முத்திரையோடு நிற்கும் அச்சுப் படத்துக்குப் பக்கத்தில் 20,000 ரூபாய் ஓவியம் பகல் கொள்ளையாகத் தோன்றினால், வாங்குபவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

தலைநகரின் தில்லி ஹாட்டில் நிலைமை வேறு. அங்கு ஓவியத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கலாம். புடைத்து நிற்கும் முத்துப்புள்ளியை விரலால் உணரலாம். பூதக்கண்ணாடி வைத்தால் அச்சின் மைப்புள்ளிகள் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிடும். எதிரில் உட்கார்ந்து வரைபவரின் கையே பாதிச் சான்று. இணையம் கடைவீதியைப் பெரிதாக்கியது. இந்தச் சான்றை மட்டும் எடுத்துக்கொண்டுவிட்டது.

பழைய கார் சந்தையை உதாரணமாகக் கொண்டு இந்த நிலையை 1970-லேயே விளக்கியவர் அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஏகர்லாஃப். நல்ல சரக்கையும் மோசமான சரக்கையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாவிட்டால், அவர் இரண்டுக்கும் நடுவிலான ஒரு விலையையே தரத் துணிவார். அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல சரக்கு சந்தையைவிட்டு வெளியேறும் என்பது அவரது வாதம். 2001-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. சிற்றோவியச் சந்தையில் இப்போது வெளியேறிக் கொண்டிருப்பது காரல்ல, ஒரு கை.

ஆகவே நல்ல விலை என்பது விளம்பரத் திறமையின் கேள்வி அல்ல. கைவேலை என்பதற்குச் சான்றும், வரைந்தவரின் பெயரும் சேர்ந்து நின்றால்தான் விலை நிற்கும். வரையும் நிலைகளைப் படிப்படியாகப் படமெடுத்து இடுவது, ஒரு நாணயத்தை அருகில் வைத்து அளவைக் காட்டுவது, தாளின் பின்புறத்தையும் உருப்பெருக்கிய விளிம்பையும் காட்டுவது, எத்தனை நாள் வேலை என்று எழுதுவது, இவையெல்லாம் ஓவியரே செய்யக்கூடியவை. படித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் செய்யவும் செய்கிறார்கள். ஆனால் அந்தப் படங்களையே திருடி அச்சுப் படத்துக்கு விளம்பரமாக்கும் விற்பனையாளருக்கு எதிராகத் தனி ஓவியர் என்ன செய்துவிட முடியும்?

பெயரின் மதிப்பு என்ன என்பதற்கு இந்தக் கலையின் வரலாறே சாட்சி. பஹாடி ஓவியங்கள் நெடுங்காலம் அவற்றை வரையச் செய்த அரசர்களின் பெயராலும் ஊர்களின் பெயராலும் மட்டுமே அறியப்பட்டன. கலை வரலாற்றாசிரியர் பி.என். கோஸ்வாமி ஹரித்துவாரத்துப் பண்டாக்களின் யாத்திரிகர் பதிவேடுகளைப் புரட்டி, அவற்றில் ஓவியக் குடும்பங்கள் எழுதிவைத்த பதிவுகளிலிருந்து அவர்களின் வம்சாவளியை மீட்டார். நயன்சுக், மானக்கு சகோதரர்களின் குடும்பம் வெளிச்சத்துக்கு வந்தது அப்படித்தான். பெயர் தெரிந்த பின்பு அந்த ஓவியங்களைப் பார்க்கும் கண்ணே மாறியது. ஏலக்கூடங்களில் மதிப்பும் மாறியது. 2023-இல் கோஸ்வாமி மறைந்தார். அவர் பல்லாண்டு உழைத்துத் தேடிய அதே தகவல், வரைந்தவர் யார் என்பது, இன்றைய இணையச் சந்தைப் பக்கங்களில் பெரும்பாலும் இல்லை. அங்கு இருப்பது கடையின் பெயர்.

கிஷன்கரின் புகழ்பெற்ற 'பணி டணி' ஓவியத்துக்கு இந்திய அஞ்சல் துறை 1973-இல் தபால்தலை வெளியிட்டது. 18-ஆம் நூற்றாண்டில் சாவந்த் சிங் மன்னரின் அவையில் இருந்த நிஹால் சந்த் வரைந்தது என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. அந்த முகத்தை இன்று நூறாவது முறையாக வரைபவருக்கு அதுவும் கிடையாது. கிஷன்கர் என்றால் பலருக்கும் இப்போது நினைவுக்கு வருவது சலவைக்கல் சந்தைதான் என்பது வேறு கதை.

சட்டத்தில் குறையில்லை என்பதுதான் வேடிக்கை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், கலைத்தரம் உள்ளதோ இல்லையோ, ஓவியம் எதுவானாலும் அதைக் கலைப்படைப்பாக ஏற்கிறது. உரிமையை விற்றுவிட்ட பின்பும் 'இது என் படைப்பு' என்று கோரும் உரிமை படைத்தவருக்கு உண்டு என்கிறது அதன் 57-ஆவது பிரிவு. மூல ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட விலைக்கு மறுவிற்பனையானால், உரிமையின் முதல் உரிமையாளரான ஓவியருக்கு அதில் 10 சதவீதம் வரை பங்கு தர 53-ஏ பிரிவு வழிசெய்கிறது. சீட்டும் கையெழுத்தும் இல்லாமல், மொத்த வியாபாரியிடம் கட்டுக்கட்டாகக் கொடுத்துவிட்டு வருபவருக்கு இந்தப் பிரிவுகளால் என்ன பயன்?

வியாபாரியிடமே திரும்பிப் போக வைப்பதில் வரிவிதிகளுக்கும் பங்கு உண்டு. பதிவு பெறாத சிறு விற்பனையாளர்களும் இணையச் சந்தை வழியே பொருள் விற்கலாம் என்ற ஜிஎஸ்டி சலுகை 2023 அக்டோபர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. வரவேற்கத்தக்க சலுகைதான். ஆனால் அதன்படி விற்பனை அவரவர் மாநில எல்லைக்குள் மட்டுமே இருக்க வேண்டும். பூந்தி ஓவியத்தை வாங்க விரும்புபவர் பெங்களூரிலோ கொல்கத்தாவிலோ இருந்தால், பதிவு, மாதாந்திரக் கணக்கு, அதற்கொரு கணக்காளர் என்று செலவு தொடங்கிவிடுகிறது. அந்தப் பாரத்தைச் சுமக்க வசதியுள்ளவர் கடைக்காரரே. இணையச் சந்தையின் இயல்பே மாநில எல்லையைத் தாண்டுவதுதான் எனும்போது, எல்லைக்குள் மட்டும் விற்கலாம் என்பது வாசலைத் திறந்துவிட்டு வீதியில் இறங்கக் கூடாது என்பதைப் போன்றது.

கையால் வரைந்த ஓவியங்கள் மீதான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை மறுக்க வேண்டியதில்லை. அந்த முடிவை எடுத்த ஜிஎஸ்டி கவுன்சிலின் 56-ஆவது கூட்டமே, இணையச் சந்தை வழியே பல மாநிலங்களில் விற்கும் சிறு விற்பனையாளர்களுக்கு எளிய பதிவு முறை ஒன்றுக்கும் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. அதை விரித்து எழுதும்போது, கைவினைப் பொருள்களை மட்டுமாவது மாநில எல்லை என்ற கட்டிலிருந்து விடுவிக்கலாம். இதனால் அரசுக்கு ஏற்படும் வருவாய் இழப்பு சொற்பமாகவே இருக்கும்.

மத்திய அரசு 2023 செப்டம்பர் 17-ஆம் தேதி தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள் உள்ளன. தச்சர், கொல்லர், குயவர், சிற்பி, பூ தொடுப்பவர், முடி திருத்துபவர் எல்லோரும் இருக்கிறார்கள். ஓவியர் இல்லை. கருவிக்கான உதவித்தொகையும் சலுகை வட்டிக் கடனும் அவர்களுக்கும் தேவைப்படாதா?

ஏற்றுமதியில் இன்னொரு சிக்கல். பழைய பத்திரத்தாளிலும் கணக்கேட்டுத் தாளிலும் வரைந்து, பழமை தோன்றப் புகையேற்றி விற்கும் வழக்கம் சுற்றுலா நகரங்களில் வேரூன்றிவிட்டது. நூறாண்டு கடந்த ஓவியத்தை நாட்டைவிட்டு எடுத்துச் செல்லத் தனியாருக்கு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. எனவே பழையது போலத் தோன்றும் புதிய ஓவியம் சுங்கத்தில் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று பெற வேண்டிவருகிறது. பொய்ப் பழமை ஒருமுறை கூடுதல் விலை தரலாம். ஆனால் அது வரைந்தவரின் பெயரை அழித்துவிடுகிறது. பின்புறத்தில் பெயரும் ஆண்டும் எழுதினால் சுங்கத்தின் சந்தேகமும் குறையும், வாங்கியவர் மறுமுறை தேடிவரவும் வழி இருக்கும்.

புவிசார் குறியீடு இதற்குத் தீர்வாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. காங்ரா ஓவியத்துக்கு அது உண்டு. பசோலி ஓவியத்துக்கு 2023-இல் கிடைத்தது. குறியீடு கிடைத்த நாளில் விழா எடுப்பதோடு பணி முடிந்துவிடுவதில்லை. அதைப் பயன்படுத்த ஒவ்வோர் ஓவியரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்ய வேண்டும். அதற்கான கட்டணம் 2020-இல் 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. கட்டணம் இனித் தடையல்ல. ஆனால் அச்சுப் படத்துக்கு அதே பெயரைச் சூட்டுபவரைத் தேடிப் பிடிக்க ஆளில்லை என்றால், குறியீடு சட்டகத்துக்குள் மாட்டிய சான்றிதழாகவே இருக்கும். தஞ்சாவூர் ஓவியத்துக்குக் குறியீடு கிடைத்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகின்றன. அச்சுப் படத்தில் கல் பதித்துத் தஞ்சாவூர் ஓவியம் என்று விற்பது நின்றுவிட்டதா என்ன?

பட்டுக்கு 2004 முதல் பட்டு முத்திரையும், கைத்தறிக்கு 2006 முதல் கைத்தறி முத்திரையும் இருக்கின்றன. கையால் வரைந்ததற்கு அப்படி ஒன்றை உருவாக்குவது கடினமல்ல. அதற்கு முன்பே செய்யக்கூடியதும் உண்டு. அச்சைக் கைவேலை என்று விற்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரம். அதற்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு இருக்கிறது. சுற்றுச்சூழல் குறித்த பொய் விளம்பரங்களுக்கு 2024-இல் தனி வழிகாட்டு நெறிகள் வகுத்த ஆணையம், 'கையால் வரைந்தது', 'பகுதி கைவேலை', 'அச்சு' ஆகிய மூன்று சொற்களுக்கும் விளக்கம் எழுதி, எதை எங்கே பயன்படுத்தலாம் என்று இணையச் சந்தைகளுக்கு உத்தரவிடலாம்.

ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருள்கள் ஆணையரகம் கைவினைஞர்களுக்கு 'பெஹ்சான்' என்ற அடையாள அட்டை வழங்குகிறது. பெயர், புகைப்படம், எண், செய்யும் கலை எல்லாம் அதில் இருக்கின்றன. கைவேலை என்று சொல்லி விற்கப்படும் ஒவ்வொரு ஓவியத்தின் பக்கத்திலும், கடையின் பெயருக்கு மேலே, வரைந்தவரின் பெயரும் அந்த எண்ணும் இடம்பெற வேண்டும் என்று விதி செய்தால் போதும். எண் இல்லாத படம் அச்சுப் படங்களின் வரிசைக்குப் போகட்டும். ஒரே எண்ணில் மாதம் 500 ஓவியங்கள் விற்பனையானால், அது எத்தனை பேரின் கை என்று ஆணையரகம் கேட்கட்டும்.