கம்பைலரின் ஹாஷ் டேபிளும் டைப்பும்

கம்பைலர் என்பது ஓயாமல் தேடிக்கொண்டே இருக்கும் நிரல். இந்தப் பெயர் முன்பே அறிவிக்கப்பட்டதா, இந்தக் கோவை ஏற்கெனவே கணக்கிடப்பட்டதா, இந்த மாறிலி வேறெங்காவது பதிவாகியிருக்கிறதா என்ற கேள்விகளுக்கு அது ஹாஷ் டேபிள்களில்தான் விடை தேடுகிறது. ஜிசிசி கம்பைலரில் நெடுங்காலம் இந்த வேலையைப் பார்த்தது, விளாதிமிர் மகரோவ் 1999-இல் எழுதி லிப்-ஐபர்ட்டி நூலகத்தில் சேர்ந்த ஒரு பொதுவான டேபிள். அதன் ஒவ்வொரு இடத்திலும் இருப்பது ஒரு வாய்ட் பாயிண்டர். பூஜ்யம் என்றால் காலி இடம். ஒன்று என்றால் அழிக்கப்பட்ட இடம். வேறு எதுவானாலும் உள்ளே ஒரு பொருள் இருக்கிறது. அது என்ன பொருள் என்பது டேபிளுக்குத் தெரியாது. ஹாஷ் கணக்கிட ஒன்று, சமமா என்று பார்க்க ஒன்று, நீக்க ஒன்று என மூன்று ஃபங்ஷன் பாயிண்டர்களை உருவாக்குபவரே கொடுத்துவிட வேண்டும்.

சி மொழிக்குள் நின்று பார்த்தால் இது நேர்த்தியான வேலை. இடங்களின் எண்ணிக்கை எப்போதும் பகா எண்: 7, 13, 31, 61, 127 என்று ஏறும். முக்கால் பங்கு நிரம்பியதும் டேபிள் தானே விரியும். குறையெல்லாம் டேபிளுக்கும் அதைப் பயன்படுத்தும் நிரலுக்கும் இடையிலான எல்லையில்தான். அந்த எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் பொருள் தன் டைப்பை இழக்கிறது; மறுபக்கத்தில் ஒரு காஸ்ட் அதைத் திருப்பித் தருவதாகச் சொல்கிறது. அந்தச் சொல் உண்மையா என்று சரிபார்க்க ஆளில்லை.

நடைமுறையில் அடிக்கடி கண்ணில் படாமல் போகும் ஒரு பிழையைப் பார்க்கலாம். டேபிளில் இருப்பவை ஒரு அறிவிப்பையும் அதற்கான கூடுதல் தகவலையும் சேர்த்துக் கட்டிய ஸ்ட்ரக்ட்கள். தேடுபவர் கையில் இருப்பதோ அறிவிப்பு மட்டும். லிப்-ஐபர்ட்டி இதற்கு வழி வைத்திருக்கிறது: ஹாஷ் மதிப்பைத் தானே கணக்கிட்டு, அதையும் சேர்த்துக் கொடுத்துத் தேடும் தனி ஃபங்ஷன் உண்டு. அதை மறந்து சாதாரணத் தேடல் ஃபங்ஷனை அழைத்தால், ஹாஷ் ஃபங்ஷன் அந்த அறிவிப்பையே ஸ்ட்ரக்ட் என்று எண்ணி, அதன் முதல் எட்டு பைட்டுகளை வேறு எதுவாகவோ படிக்கும். கம்பைல் ஆகும், எச்சரிக்கைகூட வராது. கிடைக்கும் ஹாஷ் தவறு, ஆகவே தேடிய பொருள் ‘இல்லை’ என்று பதில் வரும். இல்லை என்றால் புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொள் என்றுதான் அடுத்த வரி பெரும்பாலும் இருக்கும். நிரல் விழாது, ஒரே பொருளுக்கு இரண்டு பதிவுகளோடு ஓடிக்கொண்டிருக்கும். சமமா என்று பார்க்கும் ஃபங்ஷனிலும் இதே ஆபத்துதான். முதல் அளபுரு டேபிளில் உள்ள பொருள், இரண்டாவது தேடும் பொருள் என்பது ஏற்பாடு. இரண்டும் வாய்ட் பாயிண்டர் என்பதால் மாறிப்போனாலும் மொழி ஒன்றும் சொல்லாது.

ஜிசிசி-யை சி++ மொழியில் எழுதலாம் என்று அதன் வழிகாட்டுக் குழு 2010-இல் ஒப்புக்கொண்டது. 2013 மார்ச்சில் வெளிவந்த 4.8 பதிப்பைக் கட்டவே சி++ கம்பைலர் தேவைப்பட்டது. இதற்கிடையே 2012-இல் லாரன்ஸ் குரோல் டெம்ப்ளேட்டாக எழுதிய ஹாஷ் டேபிள் உள்ளே வந்தது. அதன் அமைப்பில் கவனிக்க வேண்டியது ஒரு சிறு கிளாஸ். உள்ளே வைக்கும் பொருளின் டைப், தேடும் பொருளின் டைப், ஹாஷ், சமம், நீக்கம் ஆகிய ஐந்தும் அதில் ஒரே இடத்தில் எழுதப்படுகின்றன. வைக்கும் டைப்பும் தேடும் டைப்பும் வெவ்வேறாக இருக்கலாம் என்பதை அது ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறது. மேலே சொன்ன பிழையை இனி யாராவது எழுதினால் கம்பைல் ஆகாது. ஃபங்ஷன் பாயிண்டர் வழியே போய்வந்த அழைப்புகள் இன்லைன் ஆவதால் வேகமும் கூடுகிறது. ஒவ்வொரு டைப்புக்கும் தனித்தனியே நிரல் உருவாவதால் பைனரி பருக்கிறது. அது கொடுக்கத் தகுந்த விலைதான்.

2014-இல் மேப், செட் என்ற இரண்டு வடிவங்கள் சேர்ந்தன. பாயிண்டர்களுக்கென்று தனியாக இருந்த பழைய மேப்பும் செட்டும் அவற்றுக்கு வழிவிட்டன. 2015-இல் ரிச்சர்ட் சாண்டிஃபோர்டு, எது காலி, எது அழிக்கப்பட்டது என்று சொல்லும் விதிகளைத் தனியே பிரித்து ஒழுங்குபடுத்தினார். பாயிண்டருக்கு பூஜ்யமும் ஒன்றும் போதும். முழு எண்ணைச் சாவியாக வைத்தால் பூஜ்யமே உண்மையான சாவியாக வரக்கூடும். அதனால் எந்த இரண்டு எண்களை ஒதுக்குவது என்பதை டெம்ப்ளேட் அளபுருவாகவே எழுதச் செய்தார்கள். எல்எல்விஎம் கம்பைலரின் டென்ஸ்மேப்பும் இதே வழியில்தான் போகிறது.

ஐஐடி பம்பாயில் உதய் கேட்கர் முன்னின்று நடத்திய ஜிசிசி பயிற்சிகள் வழியாக இந்த மூலநிரலுக்குள் நுழைந்தவர்கள் இந்தியாவில் பலர். சொந்தக் கம்பைலரில் இதே மாற்றத்தைச் செய்ய முனைபவர்களுக்கு ஜிசிசி-யின் அனுபவம் காட்டும் நடைமுறை ஒன்று உண்டு. ஒரு டேபிளை மாற்றும்போது டைப்பை மட்டும் மாற்ற வேண்டும். ஹாஷ் ஃபங்ஷனை அப்படியே விட வேண்டும். ஹாஷ் மாறினால் டேபிளைச் சுற்றிவரும் வரிசை மாறும். அந்த வரிசையை நம்பி எங்காவது ஒரு கட்டம் நிரலை உருவாக்கிக்கொண்டிருந்தால் வெளியீடே மாறும். பாயிண்டர் முகவரியை ஹாஷ் செய்யும் டேபிள்களில் இந்த ஆபத்து ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது. ஜிசிசி தன்னைத்தானே மூன்று முறை கட்டி, இரண்டாம் மூன்றாம் கட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்கும்போது அகப்படும் வேறுபாடுகளில் இவ்வகையும் உண்டு. டைப்பையும் ஹாஷையும் ஒரே பேட்சில் மாற்றியவருக்கு, வேறுபாடு எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

டைப் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது. ‘சமம்’ என்று சொல்லப்படும் இரண்டு பொருள்களுக்கு ஒரே ஹாஷ் வர வேண்டும் என்ற ஒப்பந்தத்தை எந்த டெம்ப்ளேட்டும் சரிபார்ப்பதில்லை. தமிழில் பெயர் வைக்கும் நிரலாளர் இதைச் சுலபமாக நேரில் காணலாம். புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் இருக்கும் திருக்கோகர்ணத்தின் பெயரையே மாறியின் பெயராக எடுத்துக்கொள்வோம். ‘திருக்கோகர்ணம்’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். முதல் வழியில் பெயர் 14 குறியீடுகள், யூடிஎஃப்-8-இல் 42 பைட்டுகள். இரண்டாவதில் 15 குறியீடுகள், 45 பைட்டுகள். திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டுகளை ஹாஷ் செய்யும் சிம்பல் டேபிளுக்கு அவை இரண்டு பெயர்கள். சமம் பார்க்கும் ஃபங்ஷனில் மட்டும் யாராவது யூனிகோடு நெறிப்படுத்தலை, அதாவது இரண்டு வழிகளையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வேலையை, சேர்த்து, ஹாஷ் ஃபங்ஷனைத் தொடாமல் விட்டால் நிலைமை இன்னும் மோசம்: இரண்டும் தற்செயலாக ஒரே தடத்தில் விழுந்தால் ஒன்று என்றும், விழாவிட்டால் இரண்டு என்றும் டேபிள் சொல்லும். (‘திருக்கோகரணம்’ என்றும் ஊர்ப்பெயரை எழுதுவதுண்டு. அது எழுத்தே வேறு. அதைக் கம்பைலர் வேறு பெயராகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.)

ஜிசிசி 10-ஆம் பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8 பெயர்களை நேரடியாக ஏற்கிறது; நெறிப்படாத பெயர் கண்டால் எச்சரிக்கிறது. சி++23 தரம் பெயர்கள் நெறிப்பட்ட வடிவில் இருப்பதைக் கட்டாயமாக்கியது. பைத்தான் தன் பெயர்களைத் தானே நெறிப்படுத்திக்கொள்கிறது. ஆனால் அதன் டிக்ஷனரிக்குச் சாவியாகப் போகும் சரங்களை அது தொடாது. ஆகவே முத்தையா அண்ணாமலையின் எழில் போலப் பைத்தானின் மேல் எழுதப்படும் தமிழ் நிரல்மொழிகளில் அந்தப் பொறுப்பு மொழியை எழுதுபவருடையது. இங்கேதான் டைப் மீண்டும் கைகொடுக்கிறது. படித்த சரத்துக்கு ஒரு டைப், நெறிப்படுத்திய பெயருக்கு வேறொரு டைப் என்று வைத்து, சிம்பல் டேபிள் இரண்டாவதை மட்டுமே சாவியாக ஏற்கும்படி எழுதினால், நெறிப்படுத்தாமல் டேபிளைத் தொடவே வழியில்லை.

எஞ்சிய ஒப்பந்த மீறல்களை ஓடும்போதுதான் பிடிக்க முடியும். மார்ட்டின் லிஷ்கா 2019-இல் சேர்த்த சோதனை, தேடும் பொருளை டேபிளின் சில பொருள்களோடு ஒப்பிட்டு, சமம் என்று வந்தும் ஹாஷ் வேறுபட்டால் கம்பைலரை நிறுத்திவிடுகிறது. சேர்த்த பிறகு பொருளின் சாவிப் பகுதியை மாற்றிவிடும் பிழைக்கும் இத்தகைய கண்காணிப்பு தேவை. 31 இடங்கள் உள்ள லிப்-ஐபர்ட்டி டேபிளில் 24 பொருள்கள் சேரும் வரை அந்தப் பிழை வெளியே தெரியாமல் இருக்கலாம். அடுத்ததைச் சேர்க்கும்போது டேபிள் விரிந்து எல்லாவற்றுக்கும் மறுபடி ஹாஷ் கணக்கிடும், அப்போது பொருள் இடம் மாறிப்போகும். சிறிய சோதனைக் கோப்புகள் தேறிவிட்டு, பெரிய கோப்பில் மட்டும் கம்பைலர் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம்.

பின்யூட்டில்ஸ் போன்ற சி நிரல்களுக்கு லிப்-ஐபர்ட்டி டேபிள் இன்றும் உழைக்கிறது. அங்கே டெம்ப்ளேட் கிடையாது. ஆனால் ஒவ்வொரு டேபிளுக்கும் தேட ஒன்று, சேர்க்க ஒன்று என இரண்டு சிறிய ஸ்டேட்டிக் இன்லைன் ஃபங்ஷன்களைச் சரியான டைப்போடு எழுதி, காஸ்ட்கள் அனைத்தையும் அவற்றுக்குள் அடைத்து, மற்ற இடங்களில் டேபிளை நேரடியாக அழைப்பதை மறுஆய்வில் தடுக்கலாம். ஹாஷ், சமம் ஃபங்ஷன்களின் முதல் வரியில் ஒரு காஸ்ட் மிஞ்சும். அது ஒரே கோப்பில், அந்த இரண்டு ஃபங்ஷன்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.