டி டிரைவ் என்பது இன்னொரு டிஸ்க் அல்ல

“எல்லாம் டி டிரைவ்லதான்க்கா வச்சிருக்கேன், ஒண்ணும் போகாது.” பெரம்பலூர் பழைய பேருந்து நிலையம் பக்கம் டிடிபி, ஜாப் டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். அங்கே வாரம் தவறாமல் காதில் விழும் வசனம் இது. சொல்பவர் வீட்டு சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார். நம் ஊரில் மொத்தப் பெட்டிக்கும் பெயர் சிபியுதான். பக்கத்து மூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது ஒரே ஒரு ஹார்டு டிஸ்க். அதைத்தான் யாரோ சி, டி, இ என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்து தனி மாவட்டமானது. 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002இல் திரும்பச் சேர்த்தார்கள். 2007இல் திரும்பப் பிரித்தார்கள். இத்தனை பாகப்பிரிவினையிலும் ஒரு சென்ட் நிலம்கூட அதிகமாகிவிடவில்லை. டிஸ்க்கைப் பிரிப்பதும் அவ்வளவுதான். உள்ளே மோட்டார் நின்றுபோனால் சி, டி இரண்டும் ஒரே நாளில் போகும்.

எனவே பழைய சிஸ்டம் வைத்திருக்கிறவர்கள் நிஜமாகவே இன்னொரு டிஸ்க்கைப் போடுங்கள் என்பதுதான் என் கட்சி. இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். வீடுகளில் இருக்கும் கோர் 2 டுவோ, இரண்டாம் தலைமுறை ஐ3 எல்லாம் இந்தக் கணக்கில் தள்ளுபடி. “இது வேஸ்ட் சார், புதுசு எடுத்துருங்க” என்று சொல்ல இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா?

மெஷின் மெதுவாக ஓடுகிறது என்று கொண்டுவருகிறவற்றில் பெரும்பாலும் கிழடாகிப்போனது டிஸ்க் மட்டும்தான். தட்டு சுற்ற வேண்டும், முள் இங்குமங்கும் ஓடித் தேட வேண்டும். அதே பலகையில் (மதர்போர்டில்) சுற்றும் தட்டே இல்லாத ஒரு எஸ்எஸ்டியை மாட்டி ஓஎஸ்ஸை அதில் போட்டால், பத்தாண்டு பழைய சிஸ்டமும் பவர் பட்டனை அமுக்கிய சூட்டில் எழுந்துவிடுகிறது. பழைய மதர்போர்டில், டிஸ்க்கை மாட்டும் சாட்டா இணைப்பின் வேகம் குறைவு என்பார்கள். குறைந்த வேகத்திலும் அது ஹார்டு டிஸ்க்கை அநாயாசமாக முந்திவிடும். பிள்ளைகள் படிப்புக்கும் கடைக் கணக்குக்கும் அது போதும். விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றுவிட்டதால், பணப் பரிவர்த்தனைக்கும் அதையே பயன்படுத்துகிறவர்கள் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளட்டும்.

எஸ்எஸ்டி விலைதான் இப்போது உறுத்துகிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ஏற்றம். இப்படி விலை ஏறுவது புதிதல்ல: 2011 கடைசியில் தாய்லாந்து வெள்ளத்தில் ஆலைகள் மூழ்கி, ஹார்டு டிஸ்க் விலை உலகம் முழுக்க எகிறியது. அதே 2011 செப்டம்பரில்தான் தமிழக அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. நான் சொல்லவந்த விஷயமே அந்த லேப்டாப்தான்.

செந்துறை, ஆண்டிமடம், வேப்பந்தட்டை, குன்னம் என்று எந்த ஊர் வீட்டுப் பரணைத் தேடினாலும் ஒரு அரசு லேப்டாப் கிடைக்கும். பேட்டரி உப்பியிருக்கும், திரையில் கோடு விழுந்திருக்கும், சார்ஜர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆனால் உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க் பல சமயம் நன்றாகவே இருக்கிறது. ஆரம்ப ஆண்டுகளில் வந்தவற்றில் 320 ஜிபி டிஸ்க் இருந்தது. லேப்டாப் டிஸ்க் அளவில் சின்னதே தவிர, அதன் சாட்டா வாயும் டெஸ்க்டாப் டிஸ்க்கின் வாயும் ஒன்றுதான். அப்படியே கழற்றி வீட்டு சிபியுவில் மாட்டலாம். இரண்டாவது டிஸ்க் இலவசம்! உப்பிய பேட்டரியை மட்டும் நெம்பிக் குத்திவிடாதீர்கள், தீப்பிடிக்கும். கழற்றிய டிஸ்க்கைக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒருமுறை பாருங்கள். மஞ்சளோ சிவப்போ காட்டினால் அதை நம்பி எதையும் வைக்க வேண்டாம்.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அமுக்கி மிச்சக் கரண்டை வடியவிட வேண்டும். பலகையிலிருந்து ஒரு டேட்டா கேபிள், எஸ்எம்பிஎஸ் என்னும் பவர் சப்ளையிலிருந்து ஒரு பவர் கேபிள். கேபிளின் வாய் எல் வடிவத்தில் இருக்கும். தலைகீழாகப் போகாது, போகாததை அழுத்தவும் கூடாது. பெரிய டிஸ்க்குக்குத் தடித்த மரை, சின்ன டிஸ்க்குக்கும் எஸ்எஸ்டிக்கும் மெல்லிய மரை. மாற்றிப் போட்டு முறுக்கினால் மரை கழன்ற கேஸ்தான். சாட்டா பவர் முனை இல்லாத பழைய எஸ்எம்பிஎஸ் என்றால் மாலெக்ஸ் கன்வெர்ட்டர் விற்கிறது. ஒயர்களை பிளாஸ்டிக்கில் உருக்கி ஒட்டிய மலிவுச் சரக்கை வாங்காதீர்கள். அது உள்ளுக்குள் ஷார்ட் ஆகி எரிந்த கதைகள் உலகம் முழுக்க உண்டு.

புது டிஸ்க் என்றால் மாட்டியதும் மை கம்ப்யூட்டரில் தெரியாது. “டிஸ்க் வேலை செய்யல” என்று திருச்சி வரை தூக்கிக்கொண்டு போய்த் திரும்புகிறார்கள். டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் இனிஷியலைஸ் செய்து, வால்யூம் உருவாக்கி, ஓர் எழுத்து கொடுத்தால் வந்துவிடும். பரணிலிருந்து எடுத்த டிஸ்க் ஏற்கெனவே வாழ்ந்த டிஸ்க். “ஃபார்மெட் செய்யவா” என்று கேட்டால் அவசரப்பட்டு ஓகே கொடுக்கக் கூடாது. அரசு லேப்டாப்பில் விண்டோஸோடு சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸ் இருந்த பகுதி விண்டோஸுக்குத் தெரியாது, அவ்வளவே. இன்னொன்று: எஸ்எஸ்டியில் ஓஎஸ் போடும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் பூட் ஃபைல் பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். பின்னொரு நாள் அதை எடுத்ததும் எதுவுமே எழாது.

நான் பிறந்தது அரியலூர் பக்கம். 1979இல் வந்த அரசு சிமென்ட் ஆலை, பிறகு வந்த தனியார் ஆலைகள், சுண்ணாம்புக்கல் லாரிகள். அங்கிருந்து வரும் சிபியுவை மூடி கழற்றிய உடனே அடையாளம் தெரியும்: ஃபேன் இறக்கையில் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு. எஸ்எம்பிஎஸ் மூச்சுவிட முடியாமல் சுட்டுக்கொண்டிருக்கும். இரண்டாவது டிஸ்க் போடுவதற்கு முன் அந்தத் தூசியை எடுக்காவிட்டால், புது டிஸ்க்கையும் சேர்த்து வேகவைப்பதாகும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இரண்டு டிஸ்க்கும் ஒரே எஸ்எம்பிஎஸ்ஸில் கரண்ட் குடிக்கின்றன. ஐப்பசி இடியில் அது போனால் இரண்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். கல்யாண ஆல்பம், பத்திர ஸ்கேன் போன்றவற்றின் இன்னொரு நகல் பெட்டிக்கு வெளியே, முடிந்தால் வேறு வீட்டில் இருக்க வேண்டும்.

கடைசியாக, என் தொழிலில் இருக்கிறவர்களோடு ஒரு சண்டை. கேட்காமல் ஃபார்மெட் அடிக்கிறார்கள். என் கடை டிஸ்க் ஒன்றை சர்வீஸுக்குக் கொடுத்தபோதும் அப்படித்தான் துடைத்துக் கொடுத்தார்கள். ஃபைல்கள் பென்டிரைவில் இருந்தன, ஃபான்ட்கள் போய்விட்டன. யூனிகோடைத் தமிழக அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டாலும், டிடிபி கடைகளில் அதற்கு முன்பும் பின்பும் பெரும்பாலும் அடித்தது பாமினி, வானவில் போன்ற பழைய ஃபான்ட்களில்தான். ஃபான்ட் இல்லாமல் பாமினி ஃபைலைத் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தாகவும், மெய்யெழுத்தின் புள்ளியெல்லாம் அரைப்புள்ளியாகவும் கிடக்கும். யாருக்கோ அடித்துக் கொடுத்த பாகப்பிரிவினைப் பத்திரம் அந்தக் கோலத்தில் நின்றது.

ஆகவே சிபியுவை எங்கே கொடுத்தாலும், “பழைய டிஸ்க்கைத் தொடாதீங்க, புதுசுல ஓஎஸ் போடுங்க” என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். டிஸ்க்கை மாற்றிவிட்டோம் என்றால் கழற்றியதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். அது உங்கள் காசில் வாங்கியது. உள்ளே இருப்பதும் உங்களுடையது.