கற்பனைக்குச் சாதி இல்லையாம்!

"எழுத்தாளனுக்குச் சாதி கிடையாது, கற்பனைக்கு எல்லை கிடையாது." இலக்கிய மேடைகளில் இந்த வசனம் ஒலிக்காத ஆண்டே இல்லை. யார் வாழ்க்கையையும் யாரும் எழுதலாம், தடுக்க நீங்கள் யார் என்று நம்மைப் பார்த்துக் கேட்கிறார்கள். நாம் எங்கே தடுத்தோம்? ஊருக்குள் வராதே என்று தடுக்கப்பட்டவர்கள் நாம். சேரிக்குள் வராதே என்று எந்த எழுத்தாளரையும் நாம் திருப்பி அனுப்பவில்லை. நம் கேள்வியே வேறு. வந்தீர்கள், பார்த்தீர்கள், எழுதினீர்கள். அந்தக் கதையில் நாங்கள் யாராக இருக்கிறோம்?

கீழ்வெண்மணியை எடுத்துக்கொள்வோம். 1968 டிசம்பர் 25 இரவு, ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கூலி உயர்வு கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் பண்ணையார்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் அளவுக்கு வசதியானவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்களா என்ற சந்தேகம் அந்தத் தீர்ப்பில் இருந்தது.

1975இல் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' வந்தது. 1977இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. பலர் வாய் திறக்காத காலத்தில் அந்தப் படுகொலையைத் தொட்ட துணிச்சலை நாம் மறுக்கவில்லை. ஆனால் நாவல் எங்கே போய் நின்றது? டெல்லியிலிருந்து வந்த படித்தவர்களின் கண் வழியாக ஊரைப் பார்த்தது. பண்ணையாரின் கொடுமைக்கு வேர் தேடி அவருடைய ஆண்மைக் குறையில் போய் நின்றது. நீதிமன்றம் பண்ணையாரின் அந்தஸ்தைப் பார்த்தது. நாவல் பண்ணையாரின் அந்தரங்கத்தைப் பார்த்தது. இரண்டு இடத்திலும் பார்க்கப்பட்டவர் பண்ணையார்தான். ஒரு மனிதனின் உடற்குறைதான் காரணம் என்றால் அதற்கு வைத்தியர் போதும். நிலமும் கூலியும் சாதியும் பேசவே வேண்டியதில்லை.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1831இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் கறுப்பின அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1967இல் வில்லியம் ஸ்டைரன் என்ற வெள்ளை எழுத்தாளர் டர்னரே பேசுவதுபோல் நாவல் எழுதினார். புலிட்சர் பரிசும் பெற்றார். ஒரு வெள்ளைப் பெண்மீதான ஆசையை டர்னரின் மனதுக்குள் வைத்தார். மறு ஆண்டே பத்துக் கறுப்பின எழுத்தாளர்கள் சேர்ந்து மறுப்பு நூல் வெளியிட்டார்கள். ஒரு மக்கள் கூட்டத்தின் கோபம் எப்படி ஒரு ஆளின் காமக் கதையாக மாறியது என்பதுதான் அவர்களின் சண்டை. நம் சண்டையும் அதுதான்.

அப்படியென்றால் பிறர் எழுதவே கூடாதா? எழுதலாம். கொங்கு கவுண்டர் குடும்பத்தில் பிறந்த பெருமாள்முருகன் 'கூளமாதாரி'யில் பண்ணையில் அடிமைப்பட்ட அருந்ததியச் சிறுவனை எழுதினார். பிறகு 'சாதியும் நானும்' என்று ஒரு தொகுப்பையே கொண்டுவந்தார். அடுத்தவன் வீட்டை எட்டிப் பார்க்கும் முன் தன் வீட்டுத் திண்ணையில் யாருக்கு இடமில்லை என்று பார்த்த எழுத்து அது. 'மாதொருபாகன்' நாவலுக்காகச் சாதி அமைப்புகள் அவரை விரட்டியபோது நாம் அவர் பக்கம்தான். தடை கேட்பது அவர்கள் வேலை. விமர்சிப்பது நம் உரிமை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுபவர்களிடம் ஏமாந்துவிடாதீர்கள்.

நமக்குள்ளும் இந்தக் கேள்வி உண்டு. 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது, புதிரை வண்ணார் வாழ்வை அது காட்டிய விதம் பற்றித் தலித் எழுத்தாளர்களுக்குள்ளேயே கடும் விவாதம் நடந்தது. நல்லதுதான். தலித் என்ற பெயரும் யாருக்கும் கேள்வியிலிருந்து விலக்குத் தராது.

எங்கள் ஐயம்பேட்டைப் பக்கம் தறிக்காரர்களைக் கேளுங்கள். கோர்வைச் சேலைக்கு ஒரு ஆள் போதாது. நெய்பவருக்குப் பக்கத்தில் கரைக்கு நாடா தள்ள இன்னொருவர் வேண்டும். பல காலம் அந்த இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய பிள்ளைதான். கடைக்குப் போன சேலையில் அந்தப் பிள்ளையின் பெயர் இருக்காது. கடையின் பெயர்தான் இருக்கும். நம்மைப் பற்றிய நாவல்களும் இப்படித்தான் விற்கின்றன. நாம் சொன்ன கதை, நாம் பட்ட அடி, நம் பேச்சு எல்லாம் உள்ளே இருக்கும். அட்டையிலும் மேடையிலும் விருதிலும் நாம் இருக்கமாட்டோம்.

தோழர்களே, 'குருதிப்புனல்' படிக்காமல் திட்டாதீர்கள். படியுங்கள். கூடவே பூமணியின் 'பிறகு', சிவகாமியின் 'பழையன கழிதலும்', பாமாவின் 'கருக்கு' படியுங்கள். யார் பேசுகிறார்கள், யார் வெறுமனே சாகிறார்கள் என்று பக்கம் பக்கமாகக் குறித்து வையுங்கள். அடுத்த முறை கல்லூரிக் கருத்தரங்கில் யாராவது கற்பனைக்குச் சாதி இல்லை என்றால், அந்தக் குறிப்போடு எழுந்து நின்று கேளுங்கள்: கற்பனைக்கு இல்லை சரி, உங்கள் கதையில் செத்தவர்களுக்கு இருந்ததே, அது எங்கே போனது?