எவ்வாறு அளந்தனர்?

சூரியனுக்கு அடுத்தபடியாகப் பூமிக்கு மிக அருகில் உள்ள விண்மீன் பிராக்சிமா சென்டாரி. அதன் தொலைவு ஏறத்தாழ 4.2 ஒளியாண்டு. தேர்வில் இவ்விடையை எழுதும் மாணவர் முழு மதிப்பெண் பெறுவர். ஆனால், எவரும் சென்றிராத அத்தொலைவை எவ்வாறு அளந்தனர் என்று கேட்டால், அவர்களுள் எத்தனை பேர் விடை கூறுவர்? எண்ணைக் கற்பித்துவிட்டு, அதனை அளந்த வழியைக் கற்பிக்காமல் விடுவது முழுமையான அறிவியல் கல்வி ஆகாது.

அவ்வழி எளியது. கையை நீட்டிப் பெருவிரலை நிமிர்த்தி, முதலில் ஒரு கண்ணாலும் பிறகு மறு கண்ணாலும் நோக்கினால், பின்னுள்ள சுவரில் விரல் இடம் மாறியது போலத் தோன்றும். விரல் முகத்தை நெருங்க நெருங்க அம்மாற்றம் மிகும். விலக விலகக் குறையும். இதுவே இடமாறு தோற்றம். கண்களின் இடைவெளியும் மாறிய கோணமும் தெரிந்தால், விரலின் தொலைவைக் கணக்கிடலாம்.

வானியலாளர் இரு கண்களுக்கு மாற்றாகப் பூமியின் சுற்றுப்பாதையைப் பயன்படுத்தினர். ஆறு மாத இடைவெளியில் பூமி நிற்கும் இரு முனைகளுக்கு இடையே ஏறத்தாழ 30 கோடி கிலோமீட்டர் உள்ளது. அங்கிருந்து நோக்கியும், மிக அருகிலுள்ள விண்மீன்கூட ஒரு பாகையின் 2000இல் ஒரு பங்குக்கும் குறைவாகவே இடம் மாறித் தோன்றும். பூமி சூரியனைச் சுற்றுகிறது எனக் கூறிய கோப்பர்நிக்கஸின் நூல் வெளிவந்த ஆண்டு 1543. 61 சிக்னி என்னும் விண்மீனின் இடமாறு தோற்றத்தை ஃபிரெட்ரிக் பெசல் அளந்து அறிவித்த ஆண்டு 1838. ஓர் எண்ணுக்குப் பின்னே இத்தகைய நெடிய உழைப்பு இருப்பதை மாணவர் அறிய வேண்டாமா?

பாடப்பகுதியை முடிக்கவே நேரம் போதவில்லை எனச் சிலர் கூறுவர். அது மெய்யே. எனினும், இதற்கு ஓரிரு பாடவேளைகள் போதும். விளையாட்டுத் திடலில் ஒரு கம்பம், ஓர் அளவு நாடா, ஒரு கோணமானி ஆகியவையே தேவை. இரு இடங்களில் நின்று கோணங்களை அளந்து, கம்பத்தின் தொலைவை மாணவரே கணக்கிடலாம். பிறகு நாடாவால் அளந்து ஒப்பிட்டால் சிறிது வேறுபாடு தோன்றும். எந்த அளவீட்டிலும் பிழை உண்டு என்பதையும், அதனைக் குறைக்க முயல்வதே அறிவியலின் பணி என்பதையும் அவ்வேறுபாடு உணர்த்தும்.

நூலில் உள்ளது என்பதற்காகவே ஓர் எண்ணை ஏற்றுப் பழகியவர், நாளை எவர் கூறும் எண்ணையும் ஆராயாமல் ஏற்பர். எவ்வாறு அளந்தனர் எனக் கேட்கும் பழக்கமோ வகுப்பறைக்கு வெளியேயும் வாழ்நாள் முழுதும் துணைநிற்கும்.