பூட்டும் வேண்டும், பேச்சும் வேண்டும்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 46 வயது. மூன்று ஏக்கர் நெல். அறுவடை நேரத்து மழையில் தாளடி சாய்ந்துபோனதிலிருந்து தினமும் குடிக்கிறார், ராத்திரி தூங்குவதில்லை. ‘நான் போய்ட்டா உங்களுக்குக் கடன் தொல்லை விட்டுடும்’ என்கிறார். ஏதாவது கேட்டால் சண்டைதான். எப்படிப் பேசுவது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவாரூர் மாவட்டம்.

பதில்: சகோதரி, பேசுவதற்கு முன்பு ஒரு வேலை இருக்கிறது. வீட்டிலும் மோட்டார் கொட்டகையிலும் உள்ள பூச்சிமருந்து, களைக்கொல்லி, எலி மருந்தை இன்றே எடுத்துப் பூட்டுங்கள். சாவி, நம்பிக்கையான உறவினர் வீட்டில் இருக்கட்டும். சாக வேண்டும் என்ற வேகம் பலருக்குச் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் மருந்து கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் தப்பும்.

அவர் குடித்திருக்கும்போது பேச்செடுக்க வேண்டாம். காலையில், பிள்ளைகள் இல்லாத நேரம் பாருங்கள். ‘ஏன் குடிக்கிறீங்க?’ என்று தொடங்கினால் சண்டையில் முடியும். ‘ராத்திரியெல்லாம் தூங்காம புரளுறீங்க, எனக்குப் பயமா இருக்கு’ என்று கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். பதில் வராவிட்டாலும் கூடவே உட்கார்ந்திருங்கள்.

அவர் சொன்ன அந்த வார்த்தையைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். ‘செத்துப்போகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மனதில் இருப்பதைச் சொல்ல அவருக்கு ஒரு வழி கிடைக்கும். ‘ஆமாம்’ என்றால் தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

‘இன்னையோட குடியை விடுறேன்’ என்று சத்தியம் வாங்காதீர்கள். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, புத்தித் தடுமாற்றம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். ‘டாக்டர்கிட்ட தூக்கத்துக்குக் காட்டலாம்’ என்று கூப்பிட்டால் பலரும் வருவார்கள். அவர் வர மறுத்தால், நீங்களே 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அரசின் ‘டெலி மானஸ்’ சேவை இது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

கடனை அவர் தலையில் மட்டும் வைக்காதீர்கள். கூட்டுறவு சங்கம், நகைக்கடன், கைமாற்று என்று எல்லாவற்றையும் இருவருமாக உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். எதை முதலில் அடைப்பது, எதற்குத் தவணை கேட்பது என்று சேர்ந்தே முடிவு செய்யுங்கள். ஆனால், கடன் தீர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.